துணை அதிபரை மாற்றும் கணக்கு

1976க்குப் பிறகு, பதவியில் இருந்தபடியே மறுதேர்தலைச் சந்தித்த அமெரிக்க அதிபர்கள் ஏழு பேர்: கார்ட்டர், ரீகன், மூத்த புஷ், கிளிண்டன், இளைய புஷ், ஒபாமா, டிரம்ப். ஏழு பேருமே முதல்முறை உடன் நின்ற அதே துணை அதிபரோடுதான் மக்களிடம் போனார்கள். நால்வர் வென்றார்கள், மூவர் தோற்றார்கள். எட்டாவதாக ஜோ பைடனும் கமலா ஹாரிஸை மாற்றாமல்தான் 2024 களத்தில் இறங்கினார். நடுவழியில் விலகியது பைடன்தான்.

மாற்றும் வழக்கம் ஓய்ந்தாலும் மாற்றலாமா என்ற பேச்சு ஓயவில்லை. 1992இல் டான் குவேல், 2004இல் டிக் செனி, 2012இல் பைடன், 2023இல் ஹாரிஸ் என்று ஒவ்வொருவர் தலையும் ஒருமுறை உருட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கருத்துக்கணிப்பு ஒன்று வெளிவரும். துணை அதிபரின் செல்வாக்கு சரிந்திருக்கும். பத்திரிகைகளில் மாற்றுப் பெயர்கள் அடிபடும். பிறகு ஒன்றும் நடக்காது.

இந்தப் பேச்சில் இரண்டு கணக்குகள் எப்போதும் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று வாக்குக் கணக்கு: இவரை வைத்துக்கொண்டால் எத்தனை வாக்கு போகும், வேறொருவரைக் கொண்டுவந்தால் எத்தனை வரும். இன்னொன்று நாற்காலிக் கணக்கு: அதிபர் நாளை இல்லாமல் போனால் அந்த நாற்காலியில் யார் உட்காருவது. மாற்றியவர்கள் பெரும்பாலும் முதல் கணக்கைப் போட்டுத்தான் மாற்றினார்கள். விளைவுகளோ பெரும்பாலும் இரண்டாவது கணக்கில்தான் வந்து விழுந்தன. செல்வாக்கு இல்லை என்பது மட்டுமே காரணமென்றால் துணை அதிபரை மாற்றக் கூடாது என்பது என் முடிவு. அதற்கான சான்றுகளில் சில என் முடிவுக்கு எதிராகவும் பேசும், அவற்றையும் வைக்கிறேன்.

முதலில் பதவியைப் பற்றி. அமெரிக்க அதிபர் தன் அமைச்சர் ஒருவரை ஒரே தொலைபேசி அழைப்பில் வீட்டுக்கு அனுப்பலாம். துணை அதிபரை அப்படி அனுப்ப முடியாது. அதிபரைத் தேர்ந்த அதே வாக்காளர்கள்தான் அவரையும் தேர்ந்திருக்கிறார்கள். அவராக விலக வேண்டும், அல்லது நாடாளுமன்றம் குற்றம் சாட்டி நீக்க வேண்டும். அதிபருக்குக் கிடைக்கும் ஒரே இயல்பான வாய்ப்பு, நான்காண்டுக்கு ஒருமுறை கட்சி மாநாடு கூடும் வேளையில் வேறு பெயரை முன்வைப்பது. இந்தியக் குடியரசுத் துணைத் தலைவரோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். இங்கே குடியரசுத் தலைவர் இறந்தால் துணைத் தலைவர் இடைக்காலமாக அமர்வார், ஆறு மாதத்துக்குள் தேர்தல் வந்துவிடும். அங்கே துணை அதிபர் மீதமுள்ள காலம் முழுவதற்கும் அதிபர். தனித் தேர்தல் கிடையாது. இதுவரை பதவி வகித்த 50 துணை அதிபர்களில் 9 பேர் இந்த வழியில் அதிபரானவர்கள்: எட்டுப் பேர் மரணத்தால், ஒருவர் ராஜினாமாவால்.

19ஆம் நூற்றாண்டில் துணை அதிபரை மாற்றுவது சர்வசாதாரணம். 1828இல் கால்ஹூன் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் 1916இல் தாமஸ் மார்ஷல் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் இடையில், இரண்டாம் முறை வென்ற துணை அதிபர் ஒருவர்கூட இல்லை. மாற்றியது அதிபரா என்றால், அதுவும் இல்லை. கட்சி மாநாடுதான் மாற்றியது. வடக்கிலிருந்து அதிபர் என்றால் எல்லையோர மாநிலத்திலிருந்து துணை, ஒரு கோஷ்டிக்கு முதலிடம் என்றால் மறு கோஷ்டிக்கு இரண்டாமிடம் என்று பங்கு பிரிக்கும் பதவியாகவே அது இருந்தது. அந்தப் பட்டியல் முழுவதையும் இங்கே இறக்கிவைக்க வேண்டியதில்லை. ஒன்று போதும்.

1864 ஜூன், பால்டிமோர். உள்நாட்டுப் போர் நான்காம் ஆண்டில் இழுத்துக்கொண்டிருந்தது. லிங்கனின் துணை அதிபர் ஹானிபல் ஹாம்லின், மெய்ன் மாநிலத்துக்காரர், அடிமை முறைக்கு உறுதியான எதிரி. மெய்ன் எப்படியும் லிங்கனுக்குத்தான் வாக்களிக்கும். ஆகவே வாக்குக் கணக்கில் ஹாம்லின் வெறும் சுமை. போரை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினரை இழுக்க, குடியரசுக் கட்சி அந்த மாநாட்டுக்குத் தேசிய ஒன்றியக் கட்சி என்று பெயரையே மாற்றிக்கொண்டு, டென்னசியின் ஆண்ட்ரூ ஜான்சனைத் துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. தெற்கு பிரிந்து போனபோதும் செனட்டை விட்டு விலகாத தென்னவர் அவர். இதில் லிங்கனின் கை எவ்வளவு என்பது இன்றும் தீராத வழக்கு. லிங்கனே ரகசியமாகக் காய் நகர்த்தினார் என்றார் பென்சில்வேனியா அரசியல்வாதி மெக்லூர். இல்லவே இல்லை என்றார் லிங்கனின் செயலாளர் நிக்கோலே. 1891இல் இருவரும் பத்திரிகைகளில் இதற்காக மல்லுக்கு நின்றார்கள். ஹாம்லினோ, துணை அதிபராக இருந்தபடியே, அந்தக் கோடையில் மெய்ன் கடலோரக் கோட்டை ஒன்றில் சாதாரணக் காவல்படை வீரராகப் பணியாற்றி, சமையல் வேலையும் பார்த்தார். அன்றைய துணை அதிபர் பதவியின் கனம் அவ்வளவுதான்.

மாற்றியதால் வாக்கு வந்ததா? ஆகஸ்டில் லிங்கனே தோற்றுவிடுவோம் என்று எழுதிவைத்தார். செப்டம்பர் தொடக்கத்தில் ஷெர்மனின் படை அட்லாண்டாவைப் பிடித்தது. காற்று திசை மாறியது. நவம்பரில் லிங்கனுக்கு 212 தேர்வாளர் வாக்குகள், எதிராளி மெக்லெல்லனுக்கு 21. இந்த இடைவெளியில் ஜான்சனின் பங்கைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. அவருடைய சொந்த மாநிலமான டென்னசியின் தேர்வாளர் வாக்குகளை நாடாளுமன்றம் எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை.

1865 மார்ச் 4 அன்று, போதையில் உளறியபடி ஜான்சன் பதவியேற்றார். 42ஆம் நாள் அவர் அதிபர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு உதவும் பணியகத்துக்கான சட்டத்தைத் தடுத்தார், 1866 குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்கப் பார்த்தார், தெற்கின் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். 1868இல் அவரை நீக்கும் விசாரணையில் செனட்டில் ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் பதவி தப்பியது. ஹாம்லின் அதிபராகியிருந்தால் மறுசீரமைப்புக் காலம் எப்படிப் போயிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் 1864 மாநாட்டில் அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் அரிது. அவர்கள் எல்லையோர மாநிலங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எண்பதாண்டு கழித்துச் சிகாகோவில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. மாற்றுவதை ஆதரிப்பவர்களுக்கு இருக்கும் வலுவான சான்றும் அதுதான்.

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தன் முதல் துணை அதிபர் கார்னரோடு முறிந்த பிறகு, 1940இல் ஹென்றி வாலஸைக் கொண்டுவந்தார். வாலஸ் வேண்டாமென்றால் தானும் வேட்பாளர் இல்லை என்று மாநாட்டை மிரட்டித்தான் அதைச் சாதித்தார். துணை அதிபரைத் தேர்வது அதிபர் வேட்பாளரின் உரிமை என்ற இன்றைய வழக்கத்துக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது. வாலஸ் அயோவாவின் விவசாயக் குடும்பத்துக்காரர், கலப்பின மக்காச்சோள விதை நிறுவனம் கண்டவர், ஏழாண்டுக்கு மேல் வேளாண் அமைச்சர். 1940 இறுதியில் மெக்சிகோ சென்று திரும்பியவர், அங்கே பயிர் ஆராய்ச்சி தேவை என்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் வலியுறுத்தினார். அப்படிப் பிறந்த திட்டத்தில்தான் நார்மன் போர்லாக் சேர்ந்தார்; அவருடைய குட்டை ரகக் கோதுமையைத்தான் பின்னாளில் கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன் இந்திய வயல்களுக்குக் கொண்டுவந்தார். ஒரு துணை அதிபர் உருப்படியாகச் செய்த வேலைகளில் இது முதல் வரிசையில் வரும். இத்தனைக்கும் மெக்சிகோ போனபோது அவர் பதவியேற்கக்கூட இல்லை.

1944இல் வாலஸ் ‘செல்வாக்கு இழந்தவர்’ என்று ஒதுக்கப்பட்டார். யாரிடம் இழந்தவர்? ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடம் கேட்ட கருத்துக்கணிப்புகளில் மற்ற எல்லோரையும் விட அவர் வெகுதூரம் முன்னால் இருந்தார். தொழிற்சங்கங்கள் அவர் பக்கம். எதிர்த்தவர்கள் நகரக் கட்சித் தலைவர்களும், நிறவேறுபாட்டுக்கு எதிராக அவர் பேசியதைச் சகிக்காத தென்மாநிலத்தாரும்தான். அவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது, வாக்காளருக்குத் தெரியாது. அந்த மார்ச்சில் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்த இதய நிபுணர் ஹோவர்ட் புரூயென், இதயம் செயலிழந்து வருவதைக் கண்டறிந்திருந்தார். மருத்துவ அறிக்கையைப் பார்க்காதவர்களுக்கும் அதிபரின் முகம் சொன்னது. நான்காம் பதவிக்காலத்தை இவர் முடிக்க மாட்டார் என்று பிராங்க்ஸின் எட் ஃபிளின், கட்சித் தலைவர் ராபர்ட் ஹானகன், எட்வின் பாலி முதலானோர் முடிவுகட்டினார்கள். அப்படியானால் துணை அதிபரைத் தேர்வது என்றால் அதிபரைத் தேர்வது.

ரூஸ்வெல்ட் வழக்கம்போல எல்லோருக்கும் தலையாட்டினார். நான் மாநாட்டுப் பிரதிநிதியாக இருந்தால் வாலஸுக்கே வாக்களிப்பேன், ஆனால் யாரையும் வற்புறுத்த மாட்டேன் என்று ஒரு கடிதம். செனட்டர் ட்ரூமனோ நீதிபதி டக்ளஸோ வந்தால் மகிழ்ச்சி என்று ஹானகனுக்கு இன்னொரு கடிதம். ஜேம்ஸ் பர்ன்ஸுக்கும் நம்பிக்கை ஊட்டியிருந்தார். ஜூலை 20 இரவு சிகாகோ அரங்கம் வாலஸ் பெயரால் அதிர்ந்தது. அன்றே வாக்கெடுப்பு நடந்திருந்தால் அவர் வென்றிருப்பார் என்று பலர் கருதினார்கள். கூச்சலுக்கு நடுவே மாநாட்டுத் தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். மறுநாள் முதல் சுற்றில் வாலஸுக்கு 429½, ட்ரூமனுக்கு 319½. இரண்டாம் சுற்றின் முடிவில் ட்ரூமன் 1,031, வாலஸ் 105. இடையில் என்னென்ன பேரம் நடந்திருக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பதவியேற்ற 82ஆம் நாள் ட்ரூமன் அதிபரானார். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அவரை நல்ல அதிபர்களின் வரிசையில் வைக்கிறார்கள். வாலஸ் 1948இல் முற்போக்குக் கட்சி வேட்பாளராக நின்று ஒரு தேர்வாளர் வாக்குகூடப் பெறவில்லை. சோவியத் ஒன்றியத்தைப் பற்றித் தான் கொண்டிருந்த நம்பிக்கை தவறு என்று பின்னாளில் அவரே எழுதினார். ஆக, மாற்றியது சரிதான் என்று சிகாகோவைச் சான்று காட்டலாம். நானும் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் அங்கே மாற்றியவர்கள் நாற்காலிக் கணக்கையும் போட்டார்கள். ஆனால் அதை வாக்காளரின் முதுகுக்குப் பின்னால் போட்டார்கள், மக்கள் விரும்பிய ஒருவரை எடுத்துவிட்டுப் போட்டார்கள். அதைவிடப் பெரிய குறை ரூஸ்வெல்ட்டுடையது. இத்தனை களேபரத்தில் கொண்டுவந்த ஆளை அவர் தனியாகச் சந்தித்ததே அபூர்வம். அணுகுண்டு தயாராகி வருவது துணை அதிபர் ட்ரூமனுக்குச் சொல்லப்படவே இல்லை.

வாக்கைப் பொறுத்தவரை? 1944இல் ரூஸ்வெல்ட்டுக்கு 432 தேர்வாளர் வாக்குகள், எதிராளி டியூயிக்கு 99. போர்க்கால அதிபர். வாலஸ் உடன் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார் என்று நம்புவது கடினம்.

1956ஐ வேகமாகக் கடக்கலாம். ஐசனோவருக்கு முந்தைய செப்டம்பரில் மாரடைப்பு வந்திருந்தது. துணை அதிபர் நிக்சனை அழைத்து, அமைச்சர் பதவி ஏற்று நிர்வாக அனுபவம் பெறலாமே என்றார். அக்கறையாகச் சொன்னதா, கழற்றிவிடச் சொன்னதா என்று நிக்சனுக்கே விளங்கவில்லை. விலகுவதாக இல்லை என்று மட்டும் முடிவெடுத்தார். மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்குச்சீட்டில் ஏறத்தாழ 23,000 பேர் தாமாகவே நிக்சன் பெயரை எழுதிப் போட்டார்கள். ஜூலையில் சொந்தக் கட்சிக்காரரான ஹாரல்ட் ஸ்டாசன், நிக்சனால் அதிபரின் வாக்கு குறைகிறது என்று ஒரு கருத்துக்கணிப்பைக் காட்டி, மாசசூசெட்ஸ் ஆளுநர் கிறிஸ்டியன் ஹெர்ட்டரை நிறுத்தச் சொன்னார். முடிவில் மாநாட்டில் நிக்சன் பெயரை முன்மொழிந்தவரே அந்த ஹெர்ட்டர்தான். ஐசனோவர் 457-73 என்று வென்றார். நாட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்காத ஒருவர் கட்சித் தொண்டருக்குக் கண்மணியாக இருக்கலாம். செல்வாக்கு என்ற ஒற்றை எண் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

அந்த எண் எதை அளக்கிறது என்பதில்தான் சூட்சுமம். அதிபருக்குச் சொந்தச் சாதனை, சொந்தத் தோல்வி என்று கணக்கு உண்டு. துணை அதிபருக்கு அநேகமாக இல்லை. அதிபர் கொடுத்த வேலையைச் செய்கிறார், அதிபரின் முடிவுகளுக்கு வக்காலத்து வாங்குகிறார், மாறுபட்டால் வாயை மூடிக்கொள்கிறார். ஆகவே துணை அதிபரைப் பற்றிய கணிப்பில் பெரும்பகுதி, அதிபரைப் பற்றிய மனநிலையின் எதிரொலி.

அரசியல் அறிவியலாளர்கள் கிறிஸ்டோபர் டிவைன், கைல் காப்கோ இருவரும் இதைப் பல தேர்தல்களின் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள். 2016இலும் 2020இலும் வெளியான அவர்களுடைய நூல்களின் சாரம் இது: துணை வேட்பாளர் தன் சொந்த மாநிலத்தை வென்று தருவார் என்பது பொதுவாக மூடநம்பிக்கை, அவரைப் பிடிக்கும், பிடிக்காது என்பதற்காக அதிபர் வாக்கை மாற்றிப் போடுபவர்கள் மிகக் குறைவு, ஆனால் யாரைத் துணையாகத் தேர்ந்தார் என்பதைக் கொண்டு அதிபர் வேட்பாளரின் நிதானத்தையும் தீர்க்கத்தையும் மக்கள் எடைபோடுகிறார்கள். மாப்பிள்ளைத் தோழனைப் பிடிக்கவில்லை என்று யாரும் கல்யாணத்தை நிறுத்துவதில்லை; ஆனால் இப்படிப்பட்டவனோடு சுற்றுகிறானே என்று மாப்பிள்ளையைப் பற்றி யோசிப்பார்கள்.

இதை மாற்றும் விவகாரத்தில் பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். நான்காண்டு உடன் வைத்திருந்தவரைக் கைவிடுகிற அதிபர், என் முதல் தீர்ப்பே தவறு என்று தானாக வாக்குமூலம் கொடுக்கிறார். புதியவர் கொண்டுவரும் லாபம் சில்லறை, வாக்குமூலத்தின் செலவோ கனமானது. 1972இல் ஜார்ஜ் மெக்கவர்ன் தன் துணை வேட்பாளர் ஈகிள்டன் மனநல சிகிச்சை பெற்ற செய்தி பரவியதும் அவரை முழுமூச்சாக ஆதரிப்பதாகச் சொல்லி, சில நாளில் கைவிட்டாரே, அதில் மக்கள் நினைவில் நின்றது ஈகிள்டனின் நோயைவிட மெக்கவர்னின் தடுமாற்றம்தான்.

அதிபர்களின் ஆலோசகர்களுக்கு இது தெரியாமலில்லை. 1992இல் குவேலை எடுத்துவிட்டு டிக் செனியைப் போடுங்கள் என்று தந்தைக்கு யோசனை சொன்னதாக இளைய புஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார், தந்தை கேட்கவில்லை. பிறகு அந்த மகனே அதிபராக இருந்தபோது, 2003இல், அதே செனி தானாக முன்வந்து விலகிக்கொள்கிறேன் என்றார். புஷ் சில நாள் யோசித்தார், செனட்டர் பில் ஃபிரிஸ்ட்டின் பெயர்கூட மனதில் ஓடியது. முடிவில் செனியையே வைத்துக்கொண்டு வென்றார். 2011இல் ஒபாமாவின் குழு, பைடனுக்குப் பதில் ஹிலாரி கிளிண்டன் வந்தால் என்ன ஆகும் என்று ரகசியமாகக் கணிப்பு நடத்திப் பார்த்தது. பெரிய மாற்றம் ஏதும் இராது என்று தெரிந்ததும் கோப்பை மூடினார்கள். மூத்த புஷ் மட்டும் தோற்றார். அவர் தோற்றதற்குப் பொருளாதார மந்தமும் 19 சதவீத வாக்கை அள்ளிய ராஸ் பெரோவும் இருக்க, ‘பொட்டேட்டோ’வின் எழுத்துகளைத் தவறாகச் சொன்ன குவேலைக் காரணம் காட்டுவது வேடிக்கை.

இப்போது ஹாரிஸ். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் 2020இலும் 2024இலும் அவருக்காகக் கோயிலில் பூசை போட்டவர்களுக்கு, நடுவில் 2023இல் வாஷிங்டனில் அவரை என்ன பாடு படுத்தினார்கள் என்பது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. அவருடைய ஏற்பு விகிதம் 40க்குக் கீழே. பைடனுக்கு வயது 80. இரண்டாம் காலம் முடியும்போது 86. ஆகவே ஹாரிஸை மாற்ற வேண்டும் என்று வாதிட்டவர்கள் இரண்டு கணக்கையும் சேர்த்தே பேசினார்கள்: இந்த வயதில் நிற்கும் அதிபருக்குத் துணையை ஒரு மாற்று அதிபராகவே மக்கள் பார்ப்பார்கள், அவரையோ மக்களுக்குப் பிடிக்கவில்லை. இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. நாற்காலி உண்மையிலேயே காலியாகும் நிலையில், துணை பற்றிய கேள்வி வாக்காளருக்கும் நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த வாதம் வேறொரு இடத்தில் இடறுகிறது. ஹாரிஸிடம் அதிபருக்கான தகுதியில்லை என்று அவர்கள் நிறுவவில்லை; கணிப்பு எண்ணைத்தான் காட்டினார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து மக்கள் கிளம்புவதற்கான அடிப்படைக் காரணங்களைக் களையும் பொறுப்பை 2021 மார்ச்சில் பைடன் அவரிடம் கொடுத்தார். யார் கையில் கொடுத்தாலும் கெட்டபெயர் மட்டுமே மிஞ்சும் வேலை அது. செனட்டில் இரு பக்கமும் சமமாகப் பிரிந்தபோதெல்லாம் முடிச்சை அவிழ்க்கும் வாக்கை 33 முறை போட்டார். கால்ஹூனின் 31ஐத் தாண்டி, வேறெந்தத் துணை அதிபரும் தொடாத எண். அதற்காக யாரும் அவரைப் பாராட்டிக் கணிப்பில் பதில் சொல்லவில்லை.

செயல்முறையிலும் சிக்கல். பதவிக்காலத்தின் நடுவில் அவரை விலகச் சொல்லியிருந்தால், 1967இல் வந்த 25ஆம் திருத்தத்தின்படி பைடன் நியமிக்கும் புதியவருக்கு செனட், பிரதிநிதிகள் சபை இரண்டிலும் பெரும்பான்மை வேண்டும். 2023 ஜனவரி முதல் பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கையில். ஒப்புதல் இழுபறியானால் 80 வயது அதிபருக்கு அடுத்து சபாநாயகர், அதாவது எதிர்க்கட்சிக்காரர். மாநாடுவரை காத்திருந்து மாற்றியிருந்தாலோ, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணை, முதல் கறுப்பினத்தவரை ஒதுக்கிவிட்டு, கட்சியின் மிக உறுதியான வாக்காளர்களான கறுப்பினப் பெண்களிடம் போய் நிற்க வேண்டும்.

பிறகு 2024 ஜூலை 21 வந்தது. பைடன் விலகினார். இரண்டு பெயர்களிலும் பதிவாகியிருந்த பிரசார நிதி, 9 கோடி டாலருக்கும் மேல், சட்டச் சிக்கலின்றி ஹாரிஸுக்கு மாறியது. கவனிக்க வேண்டியது அடுத்த சில வாரங்களில் நடந்தது: அதே ஹாரிஸின் ஏற்பு விகிதம் மளமளவென்று ஏறியது. ஆள் மாறவில்லை, கொள்கையும் பெரிதாக மாறவில்லை. நிழலிலிருந்து வெளியே வந்தார், அவ்வளவுதான். 107 நாள் போட்டியிட்டு 226-312 என்று தோற்றார். மக்கள் வாக்கில் இடைவெளி 1.5 சதவீதப் புள்ளி. 2023லேயே மாற்றியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. விலைவாசிக் கோபம் உலகெங்கும் ஆளுங்கட்சிகளைத் தூக்கியெறிந்த ஆண்டு அது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் மாற்றியிருக்க வேண்டியது யாரை என்றால், அதிபர் வேட்பாளரை, அதுவும் ஓராண்டு முன்பாக.

அப்படியானால் துணை அதிபரை மாற்றவே கூடாதா? மாற்றியே தீர வேண்டிய ஒருவர் இருந்தார். அவர் கட்சிக்குள் செல்வாக்கு மிகுந்தவர். ஸ்பைரோ ஆக்னியூ, நிக்சனின் துணை. பத்திரிகைக்காரர்களையும் போர் எதிர்ப்பாளர்களையும் வறுத்தெடுத்ததால் பழைமைவாதிகளின் நாயகன். 1972இல் நிக்சன் அவரை விட்டுவிட்டு ஜான் கானலியைக் கொண்டுவர ஆசைப்பட்டார். தொண்டர்கள் கொதிப்பார்கள் என்று கைவிட்டார். 49 மாநிலங்களில் வென்றார்கள். மறு ஆண்டே, ஆக்னியூ மேரிலாந்தில் ஒப்பந்தக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியதும், துணை அதிபரான பிறகும் பண உறைகள் வந்துகொண்டிருந்ததும் அம்பலமாகி, 1973 அக்டோபர் 10 அன்று விலகினார். வாக்குக் கணக்கு அவரை வைத்துக்கொள்ளச் சொன்னது.

காலியான இடத்தை 25ஆம் திருத்தத்தின் வழியாக நிரப்பியது அதுவே முதல்முறை. கானலிக்கு ஒப்புதல் கிடைக்காது என்று நாடாளுமன்றத் தலைவர்கள் சொல்லிவிட்டதால் நிக்சன் ஜெரால்டு ஃபோர்டைத் தேர்ந்தார். செனட் 92-3, பிரதிநிதிகள் சபை 387-35. அடுத்த ஆகஸ்டில் நிக்சன் விலக, ஃபோர்டு அதிபர். அவர் தன் துணையாக முன்மொழிந்த நெல்சன் ராக்ஃபெல்லரை நாடாளுமன்றம் நான்கு மாதம் துருவித் துருவி விசாரித்தது: சொத்து, வரி, யார் யாருக்கு எவ்வளவு அன்பளிப்பு கொடுத்தார் என்பதுவரை. இருவரின் விசாரணையிலும், இவர் அதிபராகத் தக்கவரா என்று சாட்சிகளை வைத்துக் கேட்டார்கள். அமெரிக்காவில் ஒரு துணை அதிபரிடம் அந்தக் கேள்வி அவ்வளவு முறையாகக் கேட்கப்பட்டது அந்த இரண்டு முறைதான்.

தேர்வில் தேறிய ராக்ஃபெல்லரின் மறுபோட்டி வாய்ப்பு ஓராண்டு தாண்டவில்லை. ரீகன் வலதுபக்கமிருந்து நெருக்க, ஃபோர்டின் பிரசார மேலாளர் போ கால்லவே, ராக்ஃபெல்லர்தான் முதல் பிரச்சினை என்று வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தார். 1975 நவம்பர் 3 அன்று, 1976 தேர்தலில் தன் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று ராக்ஃபெல்லர் எழுதிக் கொடுத்த கடிதம் வெளியானது. ரீகனை ஃபோர்டு 1,187-1,070 என்று மாநாட்டில் வென்றார், தேவைப்பட்டது 1,130. ராக்ஃபெல்லர் இருந்திருந்தால் அந்த 57 பேர் கூடுதலும் கரைந்திருக்கலாம். ஆகவே வாக்குக் கணக்கில் ஃபோர்டைக் குறைசொல்வது எளிதல்ல. நவம்பரில் கார்ட்டர் 297, ஃபோர்டு 240. நியூயார்க்கின் 41 மட்டும் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் ஃபோர்டு ஜெயித்திருப்பார். அங்கே இடைவெளி ஏறத்தாழ 2.9 லட்சம் வாக்கு. நான்கு முறை அந்த மாநிலத்தின் ஆளுநராக வென்றவரைத்தான் அவர் விட்டுவிட்டு வந்திருந்தார். ஆனால் திவாலின் விளிம்பில் நின்ற நியூயார்க் நகரத்துக்கு உதவ முதலில் மறுத்து அம்மக்களின் கோபத்தைச் சம்பாதித்ததும் அதே ஃபோர்டுதான். டிவைன், காப்கோ சொல்வதை நம்பினால் ராக்ஃபெல்லர் உடன் நின்றாலும் நியூயார்க் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ராக்ஃபெல்லரின் இடத்துக்கு வந்தவர் கன்சாஸ் செனட்டர் பாப் டோல். மாநாட்டில் வேட்பாளரான இரவில் விடிய விடிய ஆலோசகர்களோடு உட்கார்ந்து, காலையில் ஃபோர்டு அவரை அழைத்தார். நான்கு மாதம் விசாரித்து எடுத்த ஒரு முடிவுக்கு மாற்று, ஓரிரவில் வந்தது. அக்டோபரில் கார்ட்டரின் துணை வேட்பாளர் மாண்டேலோடு நடந்த விவாதத்தில், 20ஆம் நூற்றாண்டின் போர்களையெல்லாம் ஜனநாயகக் கட்சியின் போர்கள் என்று டோல் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். ராக்ஃபெல்லரை விட்டது தன் அரசியல் வாழ்வின் பெரிய தவறு, செய்த சில கோழைத்தனங்களில் ஒன்று என்று ஃபோர்டு பின்னாளில் சொன்னார். அவருக்குப் பிறகு வந்த எந்த அதிபரும் அந்தக் காரியத்தைச் செய்து பார்க்கவில்லை.